வாரில் தீட்டிய கத்தி

வீரபாண்டிப் பக்கம் அந்த வீட்டுக்குச் சகாயராஜும் ஆஷாவும் குடிவந்தபோது, குறை என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு காலத்தில் அது பனியன் துணி ஓட்டிய நிட்டிங் ஷெட். குறுக்கே சுவர் எழுப்பி வாடகைக்கு விட்டிருந்தார்கள். மெஷின்களும் மோட்டாரும் எப்போதோ போய்விட்டன. மோட்டாரில் சுழன்று மெஷின்களை ஓட்டிய நீள இரும்புத் தண்டு மட்டும் கூரைக்கடியில் துருப்பிடித்துக் கிடந்தது. அதிலிருந்து கழற்றிய தோல் பெல்ட் ஒன்று சுவர் ஆணியில் தொங்கியது.

தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்த தையல்காரனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? அவன் கவலை எல்லாம் முகத்தில் இருந்தது. பிளேடு பட்டால் போதும், தாடை முழுக்கக் கொப்புளம் கிளம்பிவிடும்.

"முகம் பலாப்பழம் கணக்கா இருக்கு. சர்ச்சுல ஃபாதரே பயந்துருவாரு" என்று ஆஷா கிண்டலடிப்பாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. அவள் கிண்டலும் பிடிக்கும், இடுப்புக்குக் கீழே இறங்கும் அவள் சடையும் பிடிக்கும். அவளை விட்டால் இந்த ஊரில் அவனுக்கு யாருமில்லை.

சலூன்காரர் சாமியப்பன் தன் பழைய சவரக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். நோய்க்குப் பயந்து கடைகளில் எல்லாரும் ஆளுக்கு ஆள் மாற்றும் பிளேடுக்குப் போயிருந்த நேரம் அது.

"கத்தியப் படுக்க வெச்சாப்புல புடிங்க. கன்னத்தை இழுத்துப் புடிச்சுக்கோங்க. தோல் வார்ல தீட்டாம மட்டும் மூஞ்சில வெச்சுராதீங்க" என்றார்.

வாருக்கு எங்கே போவது? அந்தப் பெல்ட் கைக்கு வாகாகத் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிருந்தது. பின்பக்கம் ஆஷா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். சகாயராஜ் பெல்ட்டை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பிடித்து, கத்தியை மேலும் கீழும் ஓட்டினான். சரக், சரக். முதலில் தோல் வாசனை வந்தது. அப்புறம் முடி கருகும் வாசனை வந்தது. அடுப்பை எட்டிப் பார்த்தான். அது அணைந்தே இருந்தது.

சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு காதோரம் கத்தியை வைத்தான். கட்டைவிரலால் கன்னத்தை இழுத்து, மூச்சைப் பிடித்து, கீழே இறக்கினான். சர்ரென்று இறங்கியது. ஒரு கீறல்கூட இல்லை. பெருமையோடு கத்தியைத் துடைக்கப் போனான்.

நுரையில் ஒரு முடி.

இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது.

ஒரு முழத்துக்கும் மேல்.

ஆஷாவுடையதாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கத்தியை அடுத்த இழுப்பு இழுத்தான். இப்போது முடி கொத்தாக வந்தது. கத்தி தொண்டைக்கு வந்திருந்தது. அவன் கொண்டுவரவில்லை.

காதுக்குள் ஒரு பெண் குரல் மெல்லக் கேட்டது.

"அறுங்க..."

கத்தியும் கையுமாக, பாதி நுரையோடு வெளியே ஓடினான். வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா பொன்னாத்தாள் அவன் விரலில் சுற்றியிருந்த முடியைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் கண்ணு, அந்தப் பெல்ட்டைத் தொட்டீங்களா?"

"கத்தி தீட்டுனேன்மா. யாரது உள்ள?"

"ரங்காத்தான்னு ஒரு புள்ள இங்க வேலை செஞ்சுதுங்க. சடை பெல்ட்டுல சிக்கி மேல இழுத்துருச்சு. அறுங்க, அறுங்கன்னு கத்துச்சுங்க. எல்லாரும் ஓடுனாங்களே தவிர, ஒருத்தரும் அறுக்கலீங்க."

அந்த நொடியில் உள்ளே ஆஷா அலறினாள்.

சகாயராஜ் பாய்ந்து உள்ளே போனான். குளித்துவிட்டு உள்ளே வந்திருந்த ஆஷா நுனிக்காலில் நின்றாள். அவளுடைய ஈர முடி தானாகச் சடை பின்னிக்கொண்டு, கம்பிபோல விறைத்துக் கூரைக்கு ஏறியிருந்தது. மோட்டார் இல்லாத அந்தத் தண்டு கிறீச்சிட்டுச் சுழன்றது. சடை அதில் சுற்றிக்கொண்டே போனது.

அவள் பாதம் தரையை விட்டு எழும்பியது.

கத்தி பிடிக்கத் தெரியாத கை. சோப்பு வழுக்குகிறது. ஓர் இழை தப்பினால் அவள் கழுத்து. பயத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இடக்கையால் சடையை இறுக்கிப் பிடித்துக் கத்தியைப் படுக்க வைத்து இழுத்தான். இன்னொரு முறை. மறுபடியும்.

ஆஷா அவன் மேல் விழுந்தாள். அறுந்த சடை கீழே விழவில்லை.

அன்றைக்கே வீட்டைக் காலி செய்தார்கள். கத்தியையும் பெல்ட்டையும் சேர்த்துக் கட்டி நொய்யல் ஆற்றில் எறிந்தான். தாராபுரம் ரோட்டில், கான்கிரீட் தளம் போட்ட புது வீடு கிடைத்தது. ஒரு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. ஆஷாவின் முடி தோளைத் தொட ஆரம்பித்தது. அவளும் பழையபடி கிண்டல் பேச ஆரம்பித்தாள்.

ஒரு நாள் விடிகாலையில் அவள் அவனைத் தொட்டு எழுப்பினாள். விரித்த தலையோடு படுத்தவளுக்கு இறுக்கமாகச் சடை பின்னியிருந்தது.

"எப்ப பின்னுன?"

"நான் பின்னலியே" என்றாள்.

அவள் படுத்தேதான் இருந்தாள். சடையின் நுனி மட்டும் தலையணையை விட்டு எழும்பி, கூரையைப் பார்த்து நின்றது.