ரேடியோ பேசாத இடம்

அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால், இரவு தூங்கிய பிறகுதான் நிறுத்துவாள். சில நாள் தூக்கத்திலும் பேசுவாள் என்று அவளுடைய அக்கா சொல்வாள். அக்காவும் அவளும் ஒரே அறையில் படுப்பதால் அதை நம்பத்தான் வேண்டும்.

ரேடியோவின் ஊர்க்காரர்கள் சிப்பி எடுப்பவர்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் பெரிய சேற்றுவெளி இருந்தது. தண்ணீர் ஏறினால் மூழ்கிவிடும். வடிந்தால் திட்டுத் திட்டாக வெளியே தெரியும். அப்போது எல்லோரும் கூடையும் மண்வாரியுமாக இறங்குவார்கள். பக்கத்தில் நகரம் வருவதற்கு முன்பே, நகரத்துக்குச் சாலை வருவதற்கு முன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள்.

ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆமை முதுகு, வளைந்த திட்டு, செருப்புத் திட்டு என்று. படகு மாமா தன் புதுச் செருப்பைச் சேற்றுக்குள் பறிகொடுத்த இடம்தான் செருப்புத் திட்டு. ஒற்றைச் செருப்போடு அவர் வீட்டுக்கு நொண்டி நொண்டி வந்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. அவரும் மறக்க முடியாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு திட்டுக்கு மட்டும் பெயர் கிடையாது.

அது நடுவில் இருந்தது. தாய்ச் சிப்பிகள் அங்கேதான் கொத்துக் கொத்தாக வாழ்ந்தன. அவை விடும் குஞ்சுகள் தண்ணீரோடு போய் மற்ற திட்டுகளில் இறங்கி வளரும். அதனால் அங்கே யாரும் கூடையை வைத்ததே இல்லை. அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை, விரலை நீட்டிக் காட்டுவதும் இல்லை. பெயர் இருந்தால்தானே ஒருவர் வந்து, "அந்தத் திட்டைத் தோண்டிக் கொடு" என்று கேட்க முடியும்?

அந்தப் பக்கமாக நடக்க வேண்டி வந்தால், வாய் திறக்காமல் இருக்க, சின்னதாக ஒரு சிப்பி ஓட்டை எடுத்து உதடுகளுக்கு நடுவில் வைத்துக்கொள்வார்கள். தாண்டிய பிறகுதான் எடுப்பார்கள். பெரியவர்களுக்கு அந்த ஓடு தேவைப்படாது. ஆனாலும் வைத்துக்கொள்வார்கள். ரேடியோவுக்குக் கண்டிப்பாகத் தேவைப்பட்டது. அவளுடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஓடு இருக்கும்.

அன்று காலை சிப்பிக் கொட்டகையே பரபரப்பாக இருந்தது. லாரிக்காரர் வரப்போகிறார்.

லாரிக்காரர்தான் அவர்களிடம் சிப்பி வாங்கி நகரத்தில் விற்பவர். கெட்டவர் இல்லை. ஆனால் தினமும் போன் செய்து, "இன்னும் பத்துக் கூடை சேத்துக் குடுங்க" என்பார். கொட்டகையை நடத்தும் பெரியம்மாவும் தினமும், "எவ்வளவு குடுக்கணும்னு சேறு சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது" என்பார்.

"சேறு என்கிட்ட பேசலையே! அது என்ன சொல்லுதுன்னு எனக்குக் காட்டுங்க. காட்டினா அது சொல்றபடி எடுத்துக்கறேன். இல்லேன்னா அக்கரைக்குப் போறேன். அங்க மெஷின் படகு வச்சு ஒரே நாள்ல சுரண்டிக் குடுக்கறாங்க. அந்தப் படகு இங்கயும் வரட்டும்" என்று ஒருநாள் லாரிக்காரர் சொல்லிவிட்டார்.

அந்த மெஷின் படகு போன இடத்தில் சேறு மட்டும்தான் மிஞ்சும். அதுவும் கலங்கிப்போய்.

அதனால்தான் ரேடியோவின் அக்கா அந்தக் கருவியைச் செய்தாள். திட்டுகளில் கம்பிகளை நட்டாள். தண்ணீர் எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு, குஞ்சுகள் எந்தப் பக்கம் போகின்றன என்று கம்பிகள் சொல்லும். கொட்டகைச் சுவரில் மாட்டிய திரையில் எல்லாத் திட்டுகளும் தெரியும். பச்சை என்றால் எடுக்கலாம். மஞ்சள் என்றால் கொஞ்சம் எடுக்கலாம். சிவப்பு என்றால் தொடக் கூடாது. எப்போது எதைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்ததையெல்லாம் அக்கா அதற்குள் எழுதி வைத்திருந்தாள்.

இன்றைக்கு முதல்முறையாக எல்லாக் கம்பிகளையும் இணைக்கிறாள். அக்கா கூரைமேல் ஏறி ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா?" என்று மேலிருந்து கத்தினாள்.

திரை மினுக்கியது. ஆமை முதுகு வந்தது. வளைந்த திட்டு வந்தது. செருப்புத் திட்டு வந்ததும் நாலு பேர் படகு மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை.

திரையின் நடுவில், ஒன்றுமே வரக் கூடாத இடத்தில், பெரிதாக ஒரு பச்சை வட்டம் வந்தது. மற்ற எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று எரிந்தது.

"எல்லாத் திட்டும் தெரியுதான்னு கேக்கறேன்ல!" என்றாள் அக்கா.

பெரியம்மா இருமினார். படகு மாமா கூரையைப் பார்த்தார். ஒருவர் தலையைச் சொறிந்தார். அதைப் பற்றிப் பேசி யாருக்கும் பழக்கம் இல்லை. என்னவென்று சொல்வது? பெயரே இல்லையே!

"எல்லாருக்கும் என்ன ஆச்சு? வாய்ல என்ன, ஓடா வச்சிருக்கீங்க?"

ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, சீக்கிரம் இறங்கு! உன் மெஷின் நிறைய பேசுது!"

அக்கா இறங்கி வந்து திரையைப் பார்த்தாள்.

"அங்க நான் கம்பியே நடலையே" என்றாள் மெதுவாக. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதுவாவே கண்டுபிடிச்சிடுச்சு. குஞ்செல்லாம் எங்கிருந்து வருதுன்னு பின்னாடியே கணக்குப் போட்டுப் போயிருக்கு. சிப்பி நிறைய இருக்கறதால எடுக்கலாம்னு பச்சை காட்டுது."

"நிறுத்திடு" என்றார் படகு மாமா.

"நிறுத்தினா லாரிக்காரர்கிட்ட எதைக் காட்டறது?"

"அப்ப அந்த வட்டத்தை மட்டும் அழிச்சிடும்மா" என்றார் பெரியம்மா.

"அழிச்சா கணக்கெல்லாம் தப்பாயிடும், பெரியம்மா. குஞ்சு எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாதான் மத்த திட்டைப் பத்திச் சரியாச் சொல்லும்." என்றாள் அக்கா. "தப்பாக் காட்டறதுக்கா இவ்வளவு நாள் உக்காந்து செஞ்சேன்?"

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. லாரி வந்துவிட்டது.

ரேடியோ அந்தப் பச்சை வட்டத்தையே பார்த்தாள். அவளுக்கு அந்தக் கருவியின்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. ஒன்றைக் கண்டுபிடித்தால் உடனே நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எதுக்கு அழிக்கணும்?" என்றாள். "எனக்கும்தான் தெரியும். நான் யார்கிட்டயாவது சொல்றேனா?"

"அதுக்கென்ன இப்ப?"

"மெஷினுக்கும் தெரிஞ்சுட்டுப் போகட்டும், அக்கா. சொல்லாம இருந்தா போதும். அதோட வாய்லயும் ஒரு ஓடு வச்சிடு."

அக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். அப்படியே திரும்பி விசைப்பலகைமுன் உட்கார்ந்தாள். "உள்ள கணக்குப் போடும், வெளிய காட்டாது. முடியும். முடியும்டி! ஆனா எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்."

லாரியின் கதவு மூடும் சத்தம் கேட்டது. பெரியம்மா ரேடியோவைப் பார்த்தார். அவள் பிறந்ததிலிருந்து யாருமே அவளிடம் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"போ. போய்ப் பேசு."

ரேடியோவின் கண்கள் விரிந்தன. "எவ்வளவு நேரம்?"

"உன்னால முடிஞ்ச வரைக்கும். ஆனா கண்ணு, அது மட்டும்..."

"தெரியும் பெரியம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

லாரிக்காரர் கொட்டகை வாசலுக்கு வருவதற்குள் அவள் எதிரே போய் நின்றுவிட்டாள்.

"வாங்க மாமா! ஓடு கொண்டுவந்தீங்களா?"

விற்ற சிப்பிகளின் வெறும் ஓடுகளை நகரத்திலிருந்து சேகரித்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது பெரியம்மா போட்ட நிபந்தனை. அவற்றைத் திட்டுகளில் பரப்புவார்கள். குஞ்சுகளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் அல்லவா?

"பின்னாடி மூட்டையில இருக்கு, பாப்பா. வழி விடு."

"பாக்காம எப்படி மாமா? போன தடவை ஒரு மூட்டையில சோப்பு வாசனை வந்துச்சு. சோப்புப் பட்டா குஞ்சு ஒட்டாது. ஒரு மூட்டையில கரண்டி இருந்துச்சு. அது உங்க கரண்டியா? எங்க வீட்லதான் இருக்கு, எங்க அக்கா அதுலதான் காபியைக் கலக்கறா. கொண்டுவந்து குடுக்கவா?"

"வேணாம், வேணாம்."

ரேடியோ லாரியில் ஏறி மூட்டை மூட்டையாக மோந்து பார்த்தாள். ஒவ்வொரு மூட்டையைப் பற்றியும் ஒரு கருத்துச் சொன்னாள். பிறகு செருப்புத் திட்டின் கதையைச் சொன்னாள். படகு மாமா எந்தக் காலால் நொண்டினார் என்று நடந்தும் காட்டினாள். லாரிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே! சரி சொல்லு, சிப்பி ரொம்ப நிறைய எங்க இருக்கு?"

பதில் ரேடியோவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. எவ்வளவு நல்ல பதில்! இவ்வளவு சுவாரசியமான விஷயம் அவளுக்கு வேறு ஒன்றுமே தெரியாது. அவள் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஓட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நிறைய இருக்கா?" என்றாள். "நிறைய இருக்கறது நண்டுதான், மாமா! நேத்து ஒரு நண்டு எங்க பெரியம்மாவோட கட்டைவிரலைப் பிடிச்சுது பாருங்க..."

நண்டுக் கதை முடியும் நேரத்தில் உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ரேடியோ! அவரை உள்ள வர விடுடி!"

திரையில் மற்ற எல்லாத் திட்டுகளும் இருந்தன. நடுவில் வெறும் சாம்பல் நிறம். லாரிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஆமை முதுகு பச்சை. சரி. வளைஞ்ச திட்டு ஏன் சிவப்பு? போன வாரம் அங்கிருந்துதானே நல்ல சரக்கு வந்துச்சு?"

"இப்ப அங்க குஞ்சு இறங்கிட்டிருக்கு. இப்ப மிதிச்சா எல்லாம் செத்துப்போயிடும். வளர விட்டா அடுத்த பருவத்துல உங்களுக்கே வரும்" என்றாள் அக்கா.

"நாளைக்கு நான் போன் பண்ணிக் கெஞ்சினா பச்சையாகுமா?"

"ஆகாதுங்க."

லாரிக்காரர் தாடையைத் தடவினார். "வேணாம்னு சொல்ற மெஷினை இப்பதான் பாக்கறேன். பரவாயில்ல, பெரியம்மா பேசற மாதிரியே பேசுது." அப்புறம் திரைக்குப் பக்கத்தில் போனார். சாம்பல் நிறத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது என்ன? இந்த இடத்துல ஏன் ஒண்ணும் காட்டல?"

பெரியம்மா இருமினார். படகு மாமா கூரையைப் பார்த்தார். அக்கா ஒயரைக் குனிந்து ஆராய்ந்தாள்.

லாரிக்காரர் ரேடியோவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு, பாப்பா. அங்க என்ன இருக்கு?"

ரேடியோ பையிலிருந்து ஓட்டை எடுத்தாள். உதடுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லாரிக்காரர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். கடைசியில் அவர் சிரித்துவிட்டார்.

"இந்தப் பொண்ணுக்கே பேச ஒண்ணும் இல்லேன்னா, அங்க நிஜமாவே ஒண்ணும் இருக்காது!" என்றார். "சரிங்க பெரியம்மா. இந்தப் பருவம் முழுக்கத் திரை சொல்றபடியே எடுத்துக்கறேன். அக்கரைக்குப் போகல."

பெரியம்மாவின் இருமல் உடனே சரியாகிவிட்டது.

மத்தியானம் தண்ணீர் வடிந்தது. கூடைகளோடு எல்லோரும் ஆமை முதுகுக்கு நடந்தார்கள். திரையில் வருவதைச் சத்தமாகச் சொல்லும் ஒரு சின்னக் கருவி அக்கா கையில் இருந்தது. எந்தத் திட்டை நெருங்கினாலும் அது 'கீக், கீக்' என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தது. அதோடு போட்டி போட்டுக்கொண்டு ரேடியோவும் பேசிக்கொண்டே வந்தாள்.

பெயர் இல்லாத இடம் வந்தது. ஒவ்வொருவராக ஓட்டை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்கள். ரேடியோவும் வைத்துக்கொண்டாள். கருவியும் சட்டென்று அமைதியானது. சேற்றில் கால்கள் பதிந்து எழும் சத்தம் மட்டும் கேட்டது.

தாண்டியதும் கருவி 'கீக்' என்றது.

ரேடியோ ஓட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கருவியைச் செல்லமாகத் தட்டினாள். "பரவாயில்லையே! நான் இதைக் கத்துக்கறதுக்கு எவ்வளவு வருஷம் ஆச்சு தெரியுமா? கேளு, சொல்றேன்..."