வெளிச்சம் படாத இடம்

துடைத்த பூசணம் மறுபடியும் அதே இடத்தில் வந்திருந்தது.

மருத்துவமனையின் பின்புறம், தகரச் சுவர்கள் கொண்ட குளிர்காற்று அறையைப் பார்த்துக்கொள்வதுதான் ஸ்டான்லியின் வேலை. வெளியே திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் ரோடு கொதித்துக்கொண்டிருக்க, உள்ளே காற்றாடியின் ஓயாத உறுமலும், எங்கோ சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீரும், ஈரத்துணி மக்கிய வாடையும், ஓரத்தில் எரியும் யூ.வி. விளக்கின் நீலமும்தான். காற்றிலிருக்கும் கிருமியையும் சுவரில் படரும் பூசணத்தையும் அந்த விளக்கு பொசுக்கிவிடும். அப்படிச் சுத்தமான காற்று குழாய் வழியே மாடியிலுள்ள பச்சைக் குழந்தைகள் வார்டுக்குப் போகும். அவனுடைய மகளும் இப்போது அங்கேதான் இருந்தாள். வேண்டாத தெய்வமில்லை என்று வேண்டிக் கிடைத்த பிள்ளை. பிறந்ததும் உடம்பெல்லாம் மஞ்சள் காமாலை; வெளிச்சம் பட்டால் இறங்கும் என்று லைட்டுக்குக் கீழே வைத்திருந்தார்கள்.

பூசணம் விளக்குக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. போன வாரம்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தான். எலக்ட்ரீஷியன் பக்ருதீனிடம் போய்ச் சொன்னான்.

“லைட்டு படாத எடத்துலதான் அப்பு பூசணம் வரும்,” என்றார் அவர், டீயை உறிஞ்சியபடி. “எதுவோ குறுக்க நின்னு மறைக்குது. என்னன்னு பாத்து எடுத்துப் போடு.”

கதவிலிருந்த சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்தான். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே வெறும் காற்றுதான். கதவைத் திறந்ததும் விளக்கு தானாக அணைந்தது. டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போய், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். அப்போதுதான் அந்தக் கறுப்புக்கு ஓர் உருவம் இருப்பது தெரிந்தது. தலை. சரிந்த தோள்கள். ஒரு கை மட்டும் உயர்ந்து, மாடிக்குப் போகும் குழாயின் வாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பேய்க்கதை சொன்னால் பாதியில் கொட்டாவி விடுகிற ஆள் ஸ்டான்லி. அன்று கதவைச் சாத்திய வேகத்தில் ஒரு செருப்பு உள்ளேயே கிடந்துவிட்டது.

மறுநாள் செருப்பை எடுக்கவென்று பக்ருதீனையும் கூட்டிக்கொண்டு போனான். உருவம் சாம்பலாக வெளுத்திருந்தது. பக்ருதீன் விரலால் தொட்டார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இப்ப லைட்டு படுது, பாத்தியா? மறைச்சது வெலகிருச்சு. ஒழிஞ்சது சனியன்.”

விலகியது எங்கே போயிற்று? ஸ்டான்லி குழாயின் வாயில் டார்ச்சை அடித்தான். அதை மூடியிருந்த கம்பிவலை, எதுவோ அழுத்திக்கொண்டு உள்ளே போனதுபோல், குழாய்க்குள் குழிந்திருந்தது.

படிகளில் ஓடினான்.

வார்டில் மருந்து வாடையோடு ஈரத்துணி மக்கிய வாடையும் இருந்தது. கீழே இருந்த அதே வாடை. மகள் லைட்டுக்குக் கீழே, கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். பக்கத்தில் அவன் மனைவி இசைவாணி.

“ராத்திரி முச்சூடும் வீல் வீல்னு அழுதா. விடியக்காலைலேருந்து கப்புசிப்புனு கெடக்கா. யாரோ தட்டிக்குடுத்த மாதிரி.”

“மஞ்ச நல்லா எறங்கிருச்சுண்ணே,” என்றாள் நர்ஸ் சண்முகவள்ளி. “நெஞ்சுல மட்டுந்தான் போகல. துணி கிணி மறைச்சிருக்கும்போல.”

குனிந்து பார்த்தான். உடம்பெல்லாம் தெளிந்து சிவந்திருந்தது. நெஞ்சில் மட்டும் மஞ்சள். ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்கள்.

தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அவன் விரல்கள் முடிந்த பிறகும் அந்த விரல்கள் நீண்டு, பிள்ளையின் விலாவைச் சுற்றிப் போயிருந்தன.

“என்னங்க? ஏன் இப்புடி வேர்க்குது ஒங்களுக்கு?”

எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது. மகளை வாரி நெஞ்சோடு அணைத்துத் திரும்ப முயன்றான்.

திரும்ப முடியவில்லை. அவள் வலது கை மட்டும் லைட்டை நோக்கி விறைப்பாக நீண்டு நின்றது. குட்டி விரல்கள் எதையோ சுற்றி இறுகியிருந்தன. மூடிய கைக்குள் ஒரு விரல் பருமனுக்கு இடம் இருந்தது. அந்தக் கை மெல்ல, மேலும் கீழுமாக, ஆட்டப்பட்டுக்கொண்டிருந்தது.