பிளாஸ்திரி இருந்த இடம்

சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது கணவனின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, பிளாஸ்திரியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தோல் சதுரமாக வெளுத்து, ஓரங்களில் பசை அழுக்கேறிக் கிடந்தது.

"அதுவும் என்னை விட்டு ஓடிருச்சா? இனி நீ ஒருத்திதான் பாக்கி," என்றான்.

சிரிக்கப் போனவன் வலி சுண்டி இழுக்கப் பல்லைக் கடித்தான். முதுகெலும்புக்குள் புற்றுநோய் இறங்கிய பிறகு அவனுக்கு ஆறுதல் அந்தப் பிளாஸ்திரி ஒன்றுதான். தோல் வழியே வலிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும்.

தலையணை உறையை உதறினாள். குளியலறை வடிகாலில் கைவிட்டுத் துழாவினாள். ஈரத்துணி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். கட்டிலில் அவனுக்கும் சுவருக்கும் நடுவே மகள் குருவி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். காலையிலிருந்து சிணுங்கி, மதியச் சோறும் வேண்டாமென்று சுருண்டவள். தூங்குகிற பிள்ளையைப் புரட்ட மனம் வரவில்லை. மழைக் குளிருக்குக் கம்பளியை மட்டும் கழுத்துவரை இழுத்துச் செருகிவிட்டாள்.

மருந்துக்கடை அக்காவுக்குப் போன் போட்டாள்.

"குளிக்கிறப்ப போயிருக்கும்மா. ஆனா நல்லாத் தேடிட்டியா? பழசும் புதுசும் ஒரே உடம்புல இருந்துடக் கூடாது, மூச்சு அப்படியே படுத்துடும். சூடும் ஆகாது, மருந்து மளமளன்னு இறங்கிடும்."

"உடம்பு முழுக்கப் பாத்துட்டேன்க்கா. அவர்கிட்ட இல்ல."

"அப்போ புதுசு ஒட்டு. மூச்சு மேல ஒரு காது வச்சுக்கோ."

ஒட்டினாள். கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மின்சாரம் போய், மழை மூட்டத்தில் பகலே இருண்டு, மருந்தெண்ணெயும் ஈரச் சுவரும் கலந்த வாடை அறையில் கனத்துக் கிடக்க, தகரத்தில் விழும் மழைக்கு அடியில் அவள் அந்த மூச்சை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் சீராகத்தான் வந்தது. பிறகு தொண்டையில் கோழை உருளுவது போல ஒரு குறட்டை. அப்புறம் ஒரு இடைவெளி. அடுத்தது வரும்வரை அவள் விரல்விட்டு எண்ணினாள்.

வந்தது.

அடுத்த இடைவெளி இன்னும் நீண்டது. பாவி, ரெண்டு ஒட்டிவிட்டேனா? எங்கோ மடிப்பில் பழையதும் இருக்கிறதா? புதியதைப் பிய்த்தெடுக்க அவன் முதுகுக்கடியில் கையை நுழைத்தாள்.

"என்னடி பண்ற?"

தெளிவான குரல். அவள் கை அப்படியே நின்றது.

"நீங்க தூங்கலையா?"

"இந்த வலியில எங்க தூங்குறது. நீதான் நல்லாக் குறட்டை விட்டுட்டு இருந்த."

"நானா?"

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

மழை. தகரம்.

அந்தக் குறட்டை. மெல்ல. சுவரோரம்.

கணவனைத் தாண்டிப் பாய்ந்தாள். கம்பளியை இழுத்தாள். உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. குருவியின் கவுன் ஏறிக் கிடந்தது. வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிந்திருந்தது பிளாஸ்திரி.

பிய்த்தாள். பிள்ளை அசையவில்லை.

"குருவி. குருவிம்மா. அம்மாவைப் பாரு."

உதடு நீலம். விரல்கள் நீலம்.

காதை வாயருகே வைத்தாள். மழை மட்டும்.

இமையை விரலால் தூக்கினாள். அந்த இருட்டிலும் கண்மணி கடுகைவிடச் சிறுத்து, ஊசிமுனையாய், அவளை நோக்கித் திறந்தே இருந்தது.