வாசலைப் பார்த்த காலணிகள்

"தளராதே! முயற்சி பண்ணு!"

காலங்காத்தாலே மாமியார் கினுவின் குரல் வாசலில் ஒலித்ததும், அடுப்படியில் நின்ற கசுமியின் கையிலிருந்த கரண்டி மிசோ சூப்புக்குள் நழுவி விழுந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அகிதா பக்கத்து அந்தச் சின்ன ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லாத வாயே கிடையாது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் அதுதான், பிரசவ வலியில் துடிக்கிறவளுக்கும் அதுதான். கினுவுக்கோ அது முகம் கழுவுவதைப் போல தினசரிக் கடமை. முதலில் மகனுடைய பூட்ஸை எடுத்து, முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைப்பாள். பிறகு முதுகில் ஒரு தட்டு. பிறகு அந்த வார்த்தை. போன வருஷம் இதே பனிக்காலத்தில் அவள் திருப்பி வைத்தது மூத்தவன் மசாருவின் பூட்ஸை. இப்போது இளையவன் நவோகியின் பூட்ஸை.

மசாரு, கசுமியின் கணவன். அன்று பூட்ஸை மாட்டிக்கொண்டு போனவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். இன்று அவனுடைய முதல் வருஷ நினைவு நாள். ஊருக்குச் சொன்னது என்னவோ, 'இதயம் நின்றுவிட்டது' என்று. ஊரும், "அடடா, இதயமா!" என்று தலையாட்டியது. ஒருவரும் நம்பவில்லை. ஒருவரும் மேலே கேட்கவும் இல்லை. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

வீட்டுக்குள்ளே கதை வேறு. "அன்னிக்குக் காலைல பொண்டாட்டி போட்ட சண்டைதான் என் பிள்ளையை அனுப்பிடுச்சு" என்று கினு, கல்யாணமாகித் தனியே குடியிருந்த தன் மகள் ரெய்கோவிடம் சொல்லியிருந்தாள். கசுமி அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷ நினைவு முடிந்ததும் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று ரெய்கோ கட்டளை போட்டபோதும், "சரிங்கக்கா" என்றாள். அவளுடைய பை கட்டித் தயாராக மாடிப்படியோரம் நின்றது.

கரண்டியை அப்படியே விட்டுவிட்டு கசுமி வாசலுக்கு வந்தாள். கினு உள்ளே போயிருந்தாள். நவோகி படியில் உட்கார்ந்து பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். செந்தாய் நகரத்தில் நல்ல வேலையில் இருந்தவன். அண்ணன் போனதும் மண்ணெண்ணெய்க் கடையைப் பார்க்க ஆளில்லை என்று அம்மா அழுததற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தான். பனிக்காலத்தில் ஊரில் ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் நிரப்ப வேண்டும். யாரைப் பார்த்தாலும் சிரிக்க வேண்டும்.

"தம்பி... ராத்திரி தூங்கினீங்களா?"

"இல்ல அண்ணி."

"சாப்பாடும் தொடல."

"இந்த பூட்ஸைப் போடுறது மலை ஏறுற மாதிரி இருக்கு அண்ணி..." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "நான் ஒருத்தன் இல்லாமப் போனா, எல்லாருக்கும் பாரம் குறையும்னு தோணுது."

அச்சு மாறாமல் இதே வார்த்தையைத்தான் மசாருவும் சொன்னான். அப்போது அவள், "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று அவன் வாயை மூடிவிட்டாள். மூடியிருக்கக் கூடாது என்று இந்த ஒரு வருஷமாக நெஞ்சு வெந்துகொண்டிருந்தாள்.

"செத்துப் போயிடலாம்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டாள்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மெல்லத் தலையசைத்தான்.

அவள் அவனுடைய கையிலிருந்த வண்டிச் சாவியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னிக்கு நீங்க எங்கயும் போக வேண்டாம். என் கண்ணு முன்னாடியே இருங்க" என்றாள். உள்ளே போய் முதல் வேலையாகப் பக்கத்து நகரத்து மனநல டாக்டருக்குப் போன் செய்தாள். நிலைமையைச் சொன்னதும், அன்று மாலையே கூட்டி வரச் சொன்னார்கள்.

பிறகு பிக்கு வந்தார், மந்திரம் ஓதினார். நவோகிக்குத் தூபம் போடும் முறை வந்தபோது எழுந்திருக்கவே முடியவில்லை. கறுப்பு உடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெய்கோ அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பிக்கு கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

அவர் விடைபெற்றுப் போனதும் வீட்டில் நான்கு பேர்தான். பெட்டிச் சாப்பாட்டைப் பிரிக்கும்போது கசுமி சொன்னாள். "அத்தை, சாயங்காலம் தம்பியை மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

ரெய்கோவின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் மேஜையில் விழுந்தன.

"என்னது? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா! நம்ம கடைப் பேரு எழுதின வண்டியிலயா? ஏண்டி, இன்னும் என்னென்ன செய்யப்போற?"

"அவருக்கு உடம்பு சரியில்லக்கா."

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல, சோம்பேறித்தனம்! எங்கப்பா காய்ச்சலோட பனியில டின் தூக்கினாரு. இவனுக்கு என்ன கேடு? டேய் நவோகி, ஆம்பளைதானே நீ? எழுந்திரு!"

"மெதுவாப் பேசு ரெய்கோ... பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றாள் கினு. மகன் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு உறைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைப் பற்றித்தான் கவலை!

ரெய்கோ விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். பூட்ஸ் இன்னும் வாசலைப் பார்த்தே இருந்தது. "வாடா! இன்னும் பாதித் தெருவுக்கு எண்ணெய் போகல. முயற்சி பண்ணு!"

நவோகி நிஜமாகவே எழுந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை. பழக்கின மாடு போல நடந்தான். கசுமி ஓடிப்போய் அவனுக்கும் பூட்ஸுக்கும் நடுவில் நின்றாள்.

"விடமாட்டேன். இந்த வீட்ல இன்னொருத்தருக்கு இதயம் நிக்க நான் விடமாட்டேன்!"

ரெய்கோ பூட்ஸைத் தாண்டி அவள் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன சொன்ன?" ரெய்கோவின் முகம் கோணியது. "என் தம்பியை வாயாலயே கொன்னவ நீ! அவன் போனது போதாதுன்னு இப்போ சின்னவனைக் கைக்குள்ள போட்டுக்கப் பாக்குறியா? டாக்டர் சாக்குல ரெண்டு பேரும் எங்க போறதா உத்தேசம்?"

"அக்கா!" என்று நவோகி அலறினான்.

"நீ சும்மா இரு! போடி வெளியே! இப்பவே போ!"

மாடிப்படியோரம் இருந்த கசுமியின் பையைத் தூக்கி வாசலில் வீசினாள். பை பிளந்து, மடித்த துணிகள் சிதறின. அவற்றின் நடுவிலிருந்து வெள்ளைக் காகிதப் பை ஒன்று வந்து விழுந்தது. மருந்துக் கடைப் பை. மேலே மசாருவின் பெயர். உள்ளே மாத்திரை அட்டைகள், பிரிக்காமல் முழுசாக.

ரெய்கோ அதைக் கையில் எடுத்தாள். "மசாரு... மருந்து சாப்பிட்டானா? நீ குடுக்காம ஒளிச்சு வச்சியா? அடிப்பாவி! அம்மா, பாத்தியா இவளை? நீ சொன்னது சரிதான்மா!"

கசுமி தலையைக் குனிந்துகொண்டாள். கீழே உட்கார்ந்து துணிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

கினு அந்தக் காகிதப் பையையே பார்த்தாள். பிறகு திரும்பி, முழங்காலால் தவழ்ந்து, முன்னோர் மாடத்துக்குப் போனாள். மாடத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள். கை வெறுமனே வந்தது.

"எப்ப... எப்ப எடுத்த கசுமி?"

"அவரோட நாப்பத்தொம்பதாம் நாள் காரியத்தப்போ அத்தை. மாடத்தைத் துடைக்கும்போது."

"அப்பவே தெரியுமா உனக்கு? ஒரு வருஷமா தெரிஞ்சும்..."

"அம்மா, என்னம்மா பேசுற?" என்றாள் ரெய்கோ.

"நான்தான்டி ஒளிச்சு வச்சேன்!" கினு தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான்! அது பைத்தியக்கார மருந்துன்னு பயந்தேன். குப்பையில போட்டா, இந்த ஊர்ல குப்பைப் பை கண்ணாடி மாதிரி, எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. அதான் முன்னோர் பின்னாடி வச்சேன். மசாரு ரெண்டு நாளா தேடினான். எங்கயோ தொலைச்சிருப்ப, மருந்தெல்லாம் எதுக்கு, மனசைத் திடமா வச்சுக்கோன்னேன். அன்னிக்குக் காலைல இவ வீட்லயே இல்ல ரெய்கோ. பள்ளிக்கூடத்துக்கு எண்ணெய் ஊத்தப் போயிருந்தா. பூட்ஸைத் திருப்பி வச்சது நான். முயற்சி பண்ணுன்னு முதுகுல தட்டினது இந்தக் கை... இந்தக் கை!"

ரெய்கோ கசுமியின் பக்கம் திரும்பினாள். "ஏன்டி சொல்லல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலும் கோபம்தான் இருந்தது.

"சொன்னா அத்தை அப்புறம் எப்படி உயிரோட இருப்பாங்கக்கா? ஒரே வீட்ல ரெண்டு பேரையா தூக்கிக் குடுக்கணும்?" என்றாள் கசுமி. "இங்க இருந்தா என்னிக்காவது யார் கண்ணுலயாவது படும்னுதான் என்னோட எடுத்துட்டுப் போகப் பார்த்தேன்."

கினு அவள் காலடியில் நெற்றி தரையில் படக் கவிழ்ந்தாள். "மன்னிச்சிடும்மா... மன்னிச்சிடு!"

கசுமி குனிந்து அவளைத் தூக்கினாள். கட்டிக்கொண்டாள். ஆனால் பொய் சொல்லவில்லை. "மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல அத்தை. மருந்து மட்டும்தான் காரணம்னும் நான் சொல்ல மாட்டேன். இப்படியொரு சாவு ஒத்தைக் காரணத்துல வர்றதில்லைன்னு அப்ப அவரைப் பாத்த டாக்டரே சொன்னாரு. எனக்கு இப்போ தம்பி பொழைக்கணும். அவ்வளவுதான்."

"ஊருக்குத் தெரிஞ்சா?" என்று ரெய்கோ முணுமுணுத்தாள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"தெரியட்டும்!" என்று கினு கத்தினாள். பக்கத்து வீட்டுக்கு நிச்சயம் கேட்டிருக்கும். "கடை வண்டியிலயே போங்க. வாசல்லயே நிறுத்துங்க. யாராவது கேட்டா, என் பிள்ளைக்கு மனசு நோவு, வைத்தியம் பாக்குறோம்னு நானே சொல்றேன்."

ரெய்கோ தன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது சிதறிக் கிடந்த ஒரு துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போனாள். அவளால் அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

இருட்டியபின் கசுமியும் நவோகியும் திரும்பி வந்தார்கள். அவனைத் தனியாக விடக் கூடாது, வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்த வேண்டும், இரண்டு நாளில் மறுபடி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கினு வாசலில் காத்திருந்தாள். அவர்கள் பூட்ஸைக் கழற்றியதும் வழக்கம்போல மண்டியிட்டுக் குனிந்தாள். கசுமி அவளைத் தடுக்கக் கை நீட்டினாள்.

கினு நவோகியின் பூட்ஸை எடுத்து, முனை வீட்டுக்குள் பார்க்கும்படி வைத்தாள். அதை ஒட்டி கசுமியின் பூட்ஸையும் அப்படியே வைத்தாள். அந்த வீட்டில் காலணி வீட்டைப் பார்த்து இருந்ததே கிடையாது.

எதையோ சொல்லப் பழக்கத்தில் அவள் வாய் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டாள். "சோறு சூடா இருக்கு. சாப்பிட்டுப் படுங்க, ரெண்டு பேரும்" என்றாள்.