பச்சைத் திரை

கொள்ளில் உப்புப் போதவில்லை என்று குதிரை குறை சொல்லிக்கொண்டிருந்தது. மதலைமுத்து அதன் முன்னங்காலைத் தடவிப் பார்த்தார். கணுவில் லேசான சூடு. பந்தயத்துக்கு வந்த நாள் முதல் தோல்வியே அறியாதது மாருதம். இன்று பாலாற்றுக் கோப்பையையும் வென்றுவிட்டால் அதற்கு ஓய்வு, ஆயுள் முழுக்கப் புல்வெளி. சவாரிக்காரரான அவருக்கும் இதுவே கடைசி ஓட்டம். இன்று ஒரு நாள் அந்தக் கால் தாங்கவேண்டும் என்று அவர் வேண்டாத தெய்வமில்லை.

குதிரைகளின் கழுத்தில் எண்ணவாய் பூட்டுவது அந்தக் காலத்தில் லாடம் அடிப்பதைப்போல சாதாரணம். மூளையில் ஓடுவதை அந்தச் சிறு கருவி பேச்சாக்கிவிடும். பழகியவர்களின் தமிழே குதிரைகளுக்கும் வந்தது. பேச்சு வந்ததும் உரிமையும் வந்தது. ஓட்டத்தில் குதிரைக்குக் கால் முறிந்தால் அதன் கதியைச் சவாரிக்காரர் முடிவு செய்வது பழைய விதி. குதிரை, சவாரிக்காரர் என்ற கூட்டாளிகள் இருவரில் யாருக்குக் கால் முறிந்தாலும் மற்றவர் சொல்வதே முடிவு என்று பந்தயச் சங்கம் அதைத் திருத்தியது. சமத்துவம் வந்துவிட்டதென்று கைதட்டி, ஆளுக்கொரு கரண்டி அல்வா வழங்கினார்கள். சங்கத்தில் படித்தவர்கள் நிறையப் பேர். அந்த விதியை இரண்டாம் முறை படித்தவர்தான் ஒருவருமில்லை.

"முத்தண்ணே, போன வருசம் வெண்ணிலாவுக்கு ஏன் திரை கட்டச் சொன்னீங்க?" என்று மாருதம் திடீரென்று கேட்டது.

வெண்ணிலா பக்கத்துக் கொட்டடியில் இருந்த பெண் குதிரை. அவரே சவாரி செய்த ஓட்டத்தில் அதற்குக் கால் முறிந்தது. பந்தயக் களத்தைக் கவனிக்கும் இயந்திரங்களான களப்பொறிகள் சுற்றிலும் பச்சைத் திரை கட்டின. உள்ளே ஓர் ஊசி, அவ்வளவுதான்.

"கால் ஒடிஞ்சிருச்சுல்ல, ராசா. கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

"கஷ்டமா இருக்குன்னு அது சொல்லுச்சா?"

அது சொன்னது வேறு. வீட்டுக்குப் போகலாம் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னது.

"சொல்லணுமா என்ன? அன்பு இருந்தா பார்த்தாலே தெரியும்."

பாடத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளையைப்போல மாருதம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஓடியதாக யாருக்கும் நினைவில்லாத ஆற்று மணலில் ஓட்டம் தொடங்கியது. மாருதத்தை நெருங்க எதனாலும் முடியவில்லை. கடைசிக் கம்பத்தைத் தாண்டியபின்தான் அது இடறியது. மதலைமுத்து தூக்கி வீசப்பட்டார். எழப் பார்த்தபோது முறிந்த வலது தொடை ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் தலையைத் திருப்பி முதலில் குதிரையைத்தான் பார்த்தார். அது நான்கு காலில் நின்றது. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

களப்பொறிகள் பச்சைத் துணியோடு வந்து குதிரையின் முன் நின்றன. கூட்டாளியின் முடிவு என்ன என்று அவை பணிவாகக் கேட்டபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல, ராசா. கட்டுப் போட்டா சரியாயிரும். வீட்டுக்குப் போலாம்."

"வெண்ணிலாவும் இதையேதான் சொல்லுச்சுண்ணே."

குதிரை தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இந்தக் குதிரையிடம் துளி வஞ்சமில்லை. தினமும் அவர் அதற்குச் செய்வதுபோல, அவர் நெற்றியில் மெல்ல மூக்கை வைத்துத் தேய்த்தது. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இனிமே உங்களால சவாரி பண்ண முடியாது. எனக்கு உங்க மேல ரொம்ப அன்புண்ணே. பார்த்தாலே தெரியுது." பிறகு பொறிகளிடம் சொன்னது: "கட்டுங்க."

அவர் கத்தினார். அரங்கில் சங்கச் செயலாளர் கையைப் பிசைந்தபடி, விதி அப்படி இருக்கிறதே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். திரை நான்கு பக்கமும் உயர்ந்தது. குதிரைகளுக்கு எழுந்து நிற்பதைப்போலவே கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. பாவம், நல்ல சவாரிக்காரர் என்று ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். திரைக்குள் சத்தம் அடங்கியது. அடுத்த ஓட்டத்துக்கு மணி அடித்ததும் எல்லோரும் உட்கார்ந்து, எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பேசத் தொடங்கினார்கள்.