பின்பக்கப் பாதை

சோதனைச் சாவடி அருகே வண்டியை நிறுத்திவிட்டு, அக்காவும் தங்கையும் கயிற்றுப் பையோடு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்கள். இருபுறமும் செங்குத்தான பாறை. நடுவே ஒடுங்கி இரையும் ஆறு. மதியம்தான். ஆனாலும் அடியில் வெயில் எட்டிப்பார்க்கவில்லை. பாசி வாடை மூக்கில் ஏறியது.

தங்கைக்குப் பாறை ஏறுவதில் பைத்தியம். வாரம் முழுக்கப் பல் மருத்துவமனையில் அடுத்தவர் வாயைப் பார்த்துச் சலித்தவள். மருந்துக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கோ ஏணியில் ஏறினாலே தலை சுற்றும். கீழே நின்று, இடுப்புக் கொக்கியில் மாட்டிய கயிற்றைப் பிடிப்பதோடு சரி.

"போன நோண்டாத அக்கா. என்னப் பாரு."

"உன் கனத்துக்கு ரெண்டு கையும் பத்தாது, போன் வேறயா? ஏறுடி."

"உச்சிக்குப் போனதும் கயிற அவிழ்த்துட்டு, பின்பக்கப் பாதையா நடந்தே வந்துடறேன்."

பாதி உயரம் ஏறியபோது மூடுபனி இறங்கியது. முதலில் தங்கையின் தலை மறைந்தது. பிறகு இடுப்பு. பிறகு கால்கள். கயிறு மட்டும் வெள்ளைக்குள் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அதுவும் நின்றது.

அக்கா கத்திக் கூப்பிட்டாள். ஆற்றின் இரைச்சல் குரலை விழுங்கிவிட்டது. கயிறு தொய்ந்து கிடந்தது. பிடித்திருந்த விரல்கள் குளிரில் மரத்துப்போயின.

பின்னால் கூழாங்கல் நெரிபடும் சத்தம்.

"அக்கா."

பனிக்குள் தங்கை நின்றிருந்தாள். தலைமுதல் கால்வரை நனைந்து, முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"வந்துட்டியா? ஏன்டி இப்படி நனைஞ்சிருக்க?"

"பாதை முழுக்கத் தண்ணி. கயிற விட்டுடு அக்கா. கை வலிக்குமில்ல?"

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இடுப்புக் கொக்கியைத் திறந்து கயிற்றைக் கழற்றினாள்.

அதே நொடியில், மேலே, பனிக்கு அப்பாலிருந்து மூச்சிரைக்கும் ஒரு குரல்.

"அக்கா, வழுக்குது! இறுக்கிப் பிடி!"

கயிறு சீறிக்கொண்டு மேலே ஓடியது. பாய்ந்து பிடித்தாள். உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு அது நழுவிப் போனது.

அலறல் இல்லை. பாறையில் ஏதோ மோதும் ஓசை. பிறகு தண்ணீர்.

திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

சாயங்காலம் ஆற்றின் வளைவில் வனக்காவலர்கள் உடலை எடுத்தார்கள்.

"ஏம்மா கயிற விட்டீங்க?" என்று ஒருவர் தாளாமல் கேட்டார்.

"அவதான் விடச் சொன்னா."

போர்த்திய உடலை ஜீப்பின் பின்பக்கம் கிடத்தினார்கள். அக்காவுக்குக் கையில் கட்டுப் போட்டு, அவளை நடு வரிசை இருக்கையில் தனியாக உட்காரவைத்துவிட்டு, காவலர்கள் முன்னால் ஏறிக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது. அவள் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்தாள்.

கட்டுத் துணியின் மேல் ஓர் ஈரக் கை படிந்தது.

"அக்கா, நான் ஜன்னலோரம் உக்காந்துக்கறேன். கொஞ்சம் நகரு."

அவள் நகர்ந்து இடம் விட்டாள்.