சுவரை விட்டுப் போன சிவப்பு

கிண்ணத்திலிருந்த சின்னஞ்சிறு லிங்கோன் காட்டுப் பழங்கள் வெளுத்திருந்தன. அழுகவில்லை, சுருங்கவும் இல்லை. காலையில் குன்வோர் ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்தபோது, பறித்த ஈரம்கூடக் காயாமல் சிவந்து கிடந்தவை, இப்போது வெந்த மீனின் கண்களைப் போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கணவன் டோர்க்கெலின் வேலை. எதையோ ஊற்றி வைத்திருக்கிறான். ஊர் நூலகத்தின் புகைப்படப் போட்டிக்கு இந்த வருடம் ‘சிவப்பு’ தலைப்பு என்று அறிவித்த நாளிலிருந்தே அவனுக்குக் கேலிதான். போன முறை அவள் எடுத்த சிவப்புப் பூக்களைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், “என்ன, ஜாம் பாட்டில் உடைஞ்சிருச்சா?” என்று கேட்டவன் அவன். சிவப்பு அப்படித்தான், கேமராவுக்குள் போனதும் நுணுக்கமெல்லாம் கரைந்து ஒரே தீற்றலாகிவிடும். அதனால் இன்று வெளிச்சத்தைக் குறைத்துவைத்து எடுத்தாள். ஒவ்வொரு பழத்தின் தோலும் படத்தில் நரம்பு நரம்பாக விழுந்திருந்தது. அப்படியொரு சிவப்பை அவள் எங்குமே கண்டதில்லை.

“குன்வோர்! வெளிய வா! என்ன பண்ணி வெச்சிருக்க?”

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாட்சிக்குக் கிண்ணத்தையும் எடுத்துப் போனாள். நவம்பர் பிற்பகல், வெளிச்சம் அதற்குள் பைன் மரங்களுக்குப் பின்னால் வடிந்துகொண்டிருந்தது. டோர்க்கெல் வீட்டின் முன்சுவரைப் பார்த்தபடி நின்றான். செம்பொடியையும் ரை தானிய மாவையும் அண்டாவில் சாயமாகக் காய்ச்சி அவன் பூசிய சுவர். துருவும் எண்ணெயும் கலந்த அதன் வாசனை அப்படியே இருந்தது. நிறம் இல்லை. பலகைகள் எலும்பாக வெளுத்திருந்தன. மூலையைத் தாண்டிய பக்கவாட்டுச் சுவரில் சிவப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் படமெடுத்த பக்கம் மட்டும்.

“கோடை பூரா ஏணியில தொங்கினேன்டி! உன் போட்டிக்கு என் வீட்டை உரிக்கணுமா?”

“உன் வீடா? பழத்துல என்னத்த ஊத்தின, அதச் சொல்லு முதல்ல!”

“பழமா? பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?”

கத்துவது இதமாக இருந்தது. கத்தும்வரை யோசிக்க வேண்டியதில்லை. பிறகு இருவருக்கும் மூச்சு வாங்கியது. அப்போதுதான் அவளுக்குப் படமெடுத்த வரிசை புரிந்தது. முதலில் பழம். அடுத்து சுவர்.

மூன்றாவது படம் தூவா.

மதியம் நீராவிக் குளியலறையிலிருந்து உறைபனியில் வெறுங்காலோடு ஓடிவந்த ஆறு வயது மகள். கன்னமெல்லாம் சிவப்பு.

கேமராவில் பழத்தின் படத்தை அழித்தாள். அழித்தால் சிவப்பு திரும்பிவிடும் என்று நினைத்தாள். கையிலிருந்த கிண்ணத்தில் பழங்கள் சத்தமில்லாமல் சாம்பலாக உதிர்ந்தன.

அப்படியென்றால் அழிக்கக் கூடாது.

“எல்லாம் இந்தச் சனியனால!” டோர்க்கெல் கேமராவைப் பிடுங்கினான். “ஒண்ணு விடாம அழிக்கிறேன் பாரு.”

“வேண்டாம்! டோர்க்கெல், அதுல தூவா இருக்கா!”

“இருக்கட்டும்! அவளையும் உன் போட்டிக்கு அனுப்பப் போறியா?”

அவளுக்கு எட்டாத உயரத்தில் கேமராவைத் தூக்கிப் பிடித்தான். அழுத்தினான்.

சுவர் ஒரு பெருமூச்சு விட்டது. மேலிருந்து கீழாக, பலகை பலகையாக, பொடியாக இறங்கியது. தூசு அடங்கியது. உள்ளே விளக்கு எரிந்தது. மேசை. நாற்காலி. தூவா.

உதடு வெள்ளை. காது வெள்ளை. விரல் நுனி வெள்ளை.

“அம்மா, குளிருது.” கையைத் தூக்கினாள்.

டோர்க்கெல் வாய் பிளந்து நின்றான். அவன் முகத்திலிருந்து கோபம் போய்விட்டது. கட்டைவிரலிலிருந்து போகவில்லை.

குன்வோர் அவன் கையில் தொங்கினாள். கடித்தாள்.

அழுத்தியாகிவிட்டது.

நாற்காலியில் கம்பளிச் சட்டை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. ஒரு கை இன்னும் தூக்கியபடி. கழுத்து வழியாகச் சாம்பல் வழிந்து, மெல்ல, மடியில் குவிந்துகொண்டிருந்தது.